மறைந்த ஆட்டுக்கும் ஒரு கட்டம்: வரையாடு ஆய்வு பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வரையாட்டைப் பற்றி எழுதியிருந்தோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் மட்டுமே வாழும் இந்த ஆடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாடல்களில் இதன் பெயர் வருடை. கட்டுரையைப் படித்தவர்கள் பலர், 'இதை எப்படிப் பார்ப்பது, எப்படி எண்ணுவது, எப்படி எழுதிவைப்பது' என்று கேட்டிருக்கிறார்கள். களத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவும் கேள்விகளை முன்னால் வைத்திருக்கிறோம்.

ஆறு மாத ஆய்வேட்டுக்கு வரையாடுகளின் அன்றாட நடத்தையை எடுத்திருக்கிறேன். ஓர் ஆட்டையே தொடர்ந்து பார்க்கும் ஃபோகல் முறையா, மந்தை முழுவதையும் இடைவெளி விட்டுப் பார்க்கும் ஸ்கேன் முறையா? வழிகாட்டி இரண்டையும் செய்யச் சொல்கிறார்.
— முதுகலை விலங்கியல் மாணவி, கோயம்புத்தூர்

முறையைப் பிறகு முடிவுசெய்யலாம். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'பகலில் மேய்ச்சலுக்கு எவ்வளவு நேரம், படுக்கைக்கு எவ்வளவு நேரம்' என்பது கேள்வியானால் ஸ்கேன் போதும். 'குட்டியோடு இருக்கும் பெட்டை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தலை தூக்கிப் பார்க்கிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி' என்பது கேள்வியானால் ஃபோகல்தான் வேண்டும். மூன்று நான்கு நொடியில் முடியும் செயலை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் ஸ்கேன் எண்ணிக் காட்டாது. கென்யாவில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன், எந்தக் கேள்விக்கு எந்தப் பதிவுமுறை என்று 1974-இல் ஒரு கட்டுரையில் வகைப்படுத்தினார். இன்றும் நடத்தை ஆய்வுகள் அந்த வகைப்பாட்டின் மேல்தான் நிற்கின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் தோன்றியபடி குறித்துக்கொள்வதை அவர் முதல் சில நாள் பழக்கத்துக்கு மட்டுமே ஏற்றார். சண்டை, துரத்தல் போன்ற பரபரப்பான காட்சிகளே அப்படிப்பட்ட குறிப்பேட்டை நிரப்பிவிடும். ஆடு மணிக்கணக்காகப் படுத்து அசைபோடுவது பதிவாகாமலே போகும்.

ஸ்கேன் செய்யும் விதம் இது. மந்தையின் மொத்த எண்ணிக்கையை முதலில் இரண்டு மூன்று முறை எண்ணி உறுதிசெய்யுங்கள். கைக்கடிகாரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒலிக்கும்படி வையுங்கள். ஒலித்தவுடன் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் பார்வையை நகர்த்தி, ஒவ்வோர் ஆடும் கண்ணில் படுகிற அந்த நொடியில் என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். 'இப்போது நிற்கிறது, அடுத்து மேயப்போகிறது' என்று காத்திருக்கக் கூடாது. இருபது ஆடு உள்ள மந்தையை இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால், முதலில் பார்த்த ஆடு நகர்ந்து கடைசியில் மறுபடி எண்ணப்படும்.

அதற்கு முன், வீட்டிலேயே செயல்களுக்கு வரையறை எழுதிக்கொள்ளுங்கள். மேய்தல் என்றால் வாய் புல்லில் இருக்க வேண்டும், அல்லது தலை தோளுக்குக் கீழே இருந்தபடி மென்றுகொண்டே நகர வேண்டும். விழிப்பு என்றால் தலை தோளுக்கு மேலே, கால்கள் நிலையாக, வாய் அசையாமல். தலையைத் தூக்கி மென்றுகொண்டே பார்க்கும் ஆட்டை எதில் சேர்ப்பது? எதில் சேர்த்தாலும் சரி. முதல் நாள் ஒன்றிலும் முப்பதாம் நாள் இன்னொன்றிலும் சேர்த்தால் எல்லாம் வீண். படுத்தல், படுத்து அசைபோடுதல், நடத்தல், பால் கொடுத்தல், முட்டல் என்று எட்டு முதல் பத்து வகை போதும். முப்பது வகை வைத்தவர்கள் களத்தில் பாதியைப் பயன்படுத்துவதில்லை, மீதியைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். உங்கள் படிவத்தில் 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். 18 ஆடுள்ள மந்தையில் 11 மேய்கின்றன, 2 விழித்துப் பார்க்கின்றன, 1 படுத்திருக்கிறது, 4 கண்ணில் படவில்லை என்று வையுங்கள். தெரிந்த 14-ஐ மட்டும் கணக்கிட்டால் மேய்ச்சல் 79 விழுக்காடு. அந்த நான்கும் பாறைக்குப் பின்னால் படுத்திருந்தன என்றால் உண்மை 61 விழுக்காடுதான். மலையில் இது தற்செயலாக நடக்கும் பிழையாக இருப்பதில்லை. மேய்கிற ஆடு திறந்த புல்லில் நிற்கும்; படுக்கிற ஆடு பாறை மடிப்பையும் நிழலையும் தேடும். மறைவதற்கும் நடத்தைக்கும் தொடர்பு இருப்பதால், எத்தனை நாள் கூடுதலாகப் பார்த்தாலும் இந்தச் சாய்வு சரியாகாது. காணாதவற்றையும் எழுதினால்தான் அதன் அளவாவது தெரியும். வேறொரு கோணத்திலிருந்து சில நாள் பார்த்துச் சரிபார்க்கவும் முடியும்.

ஃபோகலுக்கும் இதே கதைதான். பார்க்கப்போகும் ஆட்டைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள்; 'இடமிருந்து ஏழாவது' என்பது போதும். கண் தானாகப் போனால் பெரிய கிடாவின் மேல்தான் போய் நிற்கும். ஒரு ஆட்டுக்குப் பதினைந்து நிமிடம் வையுங்கள். மறைந்த நொடிகளைத் தனியே குறித்து மொத்த நேரத்திலிருந்து கழியுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்திருந்தால் அந்தப் பதிவைப் பகுப்பாய்வில் சேர்க்காதீர்கள். ஆனால் தாளைக் கிழித்துப்போடவும் கூடாது. எந்த மணிநேரத்தில், எந்தச் சரிவில் அதிகம் மறைகின்றன என்பதை அந்தத் தாள்கள் சொல்லும்.

ஓர் எச்சரிக்கை. 18 ஆடு, ஒரு மணி நேரத்தில் 6 ஸ்கேன் என்றால் 108 பதிவு. அதை 108 தனித்தனிச் சான்றாக வைத்துப் புள்ளியியல் சோதனை போடாதீர்கள். ஓர் ஆடு தலை தூக்கினால் பக்கத்து ஆடும் தூக்கும். ஒன்று படுத்தால் மற்றதும் படுக்கும். மந்தையும் நாளும்தான் உங்கள் அலகு. அதனால் ஒரே மந்தையை முப்பது நாள் பார்ப்பதைவிட ஆறு மந்தைகளை ஐந்து ஐந்து நாள் பார்ப்பது ஆய்வேட்டுக்கு வலிமை தரும்.

தோழியும் நானும் சேர்ந்து குறிப்பெடுக்கிறோம். நூறு பதிவில் தொண்ணூறு ஒத்துப்போகிறது. இது போதுமா?
— ஆய்வு மாணவி, திண்டுக்கல்

போதாது. உங்கள் எண்களையே ஒரு மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். 'விழிப்பு', 'விழிப்பில்லை' என்று இரண்டே வகை. இருவரும் விழிப்பு என்றது 15, இருவரும் இல்லை என்றது 75, ஒருவர் மட்டும் விழிப்பு என்றது ஆளுக்கு 5. அப்படியானால் இருவருமே நூற்றில் 20-ஐ விழிப்பு என்றிருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்த விகிதத்தில் எழுதியிருந்தாலே 0.2 × 0.2 + 0.8 × 0.8 = 0.68 ஒத்துப்போயிருக்கும். கோஹன் கப்பா என்ற அளவு இந்தத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிடும்: (0.90 − 0.68) ÷ (1 − 0.68) = 0.69. இதை 0.8-க்கு மேல் கொண்டுவந்த பிறகு இருவர் பதிவையும் ஒன்றாகச் சேருங்கள். மாறுபட்ட பத்தையும் காணொளியில் மறுபடி பாருங்கள். பெரும்பாலும் மென்றுகொண்டே பார்க்கும் ஆட்டில்தான் தகராறு வந்திருக்கும். வரையறையைத் திருத்திவிட்டு மீண்டும் நூறு பதிவு எடுங்கள். ஆய்வின் தொடக்கத்தில் ஒரு தடவையோடு விடாமல் மாதம் ஒரு முறை சோதியுங்கள். நாள்பட நாள்பட ஒருவர் கண் இறுகும், இன்னொருவர் கண் தளரும்.

தமிழ்நாட்டில் 1,303 வரையாடு இருப்பதாகச் செய்தியில் படித்தேன். அவை பாறைக்குப் பின்னால் ஒளியும், பக்கத்து மலைக்கு ஓடும். பிறகு எப்படி இவ்வளவு துல்லியமாக 3 வரை சொல்கிறார்கள்? முந்தைய ஆண்டு 1,031 என்றார்கள். ஒரே ஆண்டில் 272 குட்டியா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கோத்தகிரி

நல்ல கேள்வி, இரண்டு பகுதியாகச் சொல்கிறோம்.

1,031 என்பது 2024 கணக்கெடுப்பு; 1,303 என்பது 2025-இல் கேரளத்தோடு ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பு. இரண்டுக்கும் நடுவில் குட்டிகள் பிறந்தது உண்மை. ஆனால் கணக்கெடுத்த இடங்களும் கூடியிருக்கின்றன. புதிதாகப் போய்ப் பார்த்த மலையில் கிடைத்த ஆடு புதிதாகப் பிறந்த ஆடு ஆகாது. கூடியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், இரண்டு ஆண்டும் நடந்த அதே இடங்களை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

அடுத்து, எண்ணும் முறை. மலை ஆடுகளுக்கு உலகெங்கும் பயன்படுவது இரட்டைப் பார்வையாளர் முறை. ஒரே பாதையில் இரண்டு குழு நடக்கும். முதல் குழு கிளம்பி ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து இரண்டாவது கிளம்பும். சில இடங்களில் ஒரே நேரத்தில் எதிரெதிர்க் கோணத்திலிருந்து பார்ப்பதும் உண்டு. ஒரு குழு பார்த்ததை இன்னொரு குழுவுக்குச் சொல்லக் கூடாது, கைகாட்டக் கூடாது, வாக்கிடாக்கியில் பேசிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மந்தைக்கும் நேரம், இடம், திசை, எண்ணிக்கை, கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று எழுத வேண்டும். மாலையில் முகாமில் இரண்டு படிவத்தையும் பக்கத்தில் வைத்து, எந்த மந்தை இரண்டிலும் இருக்கிறது என்று பொருத்துவார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: முதல் குழு 30 மந்தை, இரண்டாம் குழு 27, இரண்டிலும் பொதுவாக 22. கண்ணில் பட்ட வெவ்வேறு மந்தைகள் 30 + 27 − 22 = 35. ஆனால் இரண்டு குழுவுமே தவறவிட்ட மந்தைகளும் இருக்கும் அல்லவா? இரண்டாம் குழு கண்ட 27-இல் முதல் குழு கண்டது 22. எனவே முதல் குழுவின் கண்ணுக்கு மந்தை சிக்கும் வாய்ப்பு 0.81. அதே விதத்தில் இரண்டாம் குழுவுக்கு 22 ÷ 30, அதாவது 0.73. இதை வைத்து மொத்தத்தை மதிப்பிடும் சூத்திரம்: (30+1) × (27+1) ÷ (22+1) − 1. விடை 36.7, அதாவது சுமார் 37 மந்தை. சராசரி மந்தைக்கு 11 ஆடு என்றால் ஏறத்தாழ 400. இந்த விடைக்கு மேலும் கீழும் பிழை எல்லை உண்டு. செய்தியில் எல்லை விடுபட்டு ஒற்றை எண் மட்டும் வருவதால்தான் கடைசி இலக்கம் வரை எண்ணியதுபோல் உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

பாதை போட்டு நடக்க முடியாத இடத்தில், ஒரே இடத்தைப் பல முறை எண்ணும் முறை உதவும். நான்கு முறை எண்ணியதில் 31, 36, 28, 34 என்று வந்தால், மிகப் பெரிய எண்ணை இரட்டித்து அடுத்த பெரிய எண்ணைக் கழிப்பார்கள்: 72 − 34 = 38. எளிமையானது; ஆனால் ஒரு தடவை ஒரே மந்தையை இருமுறை எண்ணிவிட்டால் அந்தப் பிழை விடையில் இரட்டிப்பாகும்.

இரட்டை முறையில் தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. முதல் குழுவைக் கண்டு ஆடுகள் ஓடிவிட்டால் இரண்டாம் குழுவுக்கு அவை கிடைக்காது. பொதுவான மந்தைகள் குறையும், மதிப்பீடு வீங்கும். நடுவில் மந்தை இரண்டாகப் பிரிந்தால் 14 என்று ஒரு குழுவும், 9, 5 என்று இன்னொரு குழுவும் எழுதும். வயது, பால் விவரம் எழுதியிருந்தால்தான் பொருத்த முடியும். மூன்றாவதுதான் கடினம்: யாருக்குமே தெரியாத பள்ளத்தில் எப்போதும் இருக்கும் மந்தை. எந்தச் சூத்திரமும் அதைக் கொண்டுவராது. அதற்குப் பாதையைத்தான் மாற்ற வேண்டும். அந்தப் பள்ளத்தைச் சொல்லக்கூடியவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். கணக்கெடுப்பின் திட்டக் கூட்டத்தில் அவர்களை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும்.

கணக்கெடுப்புக்கு ஏப்ரல் மாதத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. குட்டி பிறப்பு ஜனவரி, பிப்ரவரியில் உச்சம். ஏப்ரலில் குட்டி தாயோடு வெளியே நடமாடும். தென்மேற்குப் பருவமழையின் மூடுபனியும் இன்னும் வந்திருக்காது. நீலகிரியில் வழக்கறிஞராக இருந்து வரையாடுகளை எண்ணி எழுதிய இ.ஆர்.சி. டேவிதார் இந்தத் துறையின் முன்னோடி. அவர் பிறந்த அக்டோபர் 7-ஐத்தான் தமிழ்நாடு அரசு வரையாடு தினமாக அறிவித்திருக்கிறது.

கிடா, பெட்டை, குட்டி எப்படி அடையாளம் காண்பது? தூரத்தில் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிகிறது.
— பறவை ஆர்வலர், பொள்ளாச்சி

முதிர்ந்த கிடா கரும்பழுப்பு. முதுகில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் சேணம் போட்டதுபோல் ஒரு திட்டு. எடையில் பெட்டையைவிட ஏறக்குறைய இருமடங்கு. இதில் தவறு வராது. தவறு வருவது இளங்கிடாவுக்கும் பெட்டைக்கும் நடுவில்: இரண்டும் சாம்பல் கலந்த பழுப்பு, இரண்டுக்கும் கொம்பு உண்டு. கொம்பின் அடிப்பகுதிப் பருமனைப் பாருங்கள். கிடாவுக்குத் தடித்து இருக்கும், பெட்டைக்கு மெலிந்து இருக்கும். 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் இல்லாமல் 300 மீட்டரில் இதைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபோது 'வகை தெரியாத வளர்ந்த ஆடு' என்றே எழுதுங்கள். ஊகத்தில் பெட்டை என்று எழுதினால், நூறு பெட்டைக்கு எத்தனை குட்டி என்ற விகிதம் குறைந்து, மந்தை நலிவதுபோல் பொய்யாகக் காட்டும்.

150 மீட்டரில்தான் இருந்தேன், பச்சை உடை, சத்தமில்லை. இருந்தும் ஓடிவிட்டன. எங்கே உட்கார வேண்டும்?
— கல்லூரி ஆசிரியர், கொடைக்கானல்

பெரும்பாலும் உங்களைக் காட்டிக்கொடுத்தது காற்று. மலைச்சரிவில் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே வழியும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று மேலே ஏறும். ஆகவே விடியற்காலையில் மந்தைக்கு மேலே உட்கார்ந்தால் உங்கள் வாடை கீழே இறங்கிப் போகும். பத்து மணிக்குக் கீழே உட்கார்ந்தால் வாடை ஏறிப் போகும். விடியலில் மந்தைக்குக் கீழே அல்லது எதிர்ச் சரிவில், வெயில் ஏறியபின் மேலே அல்லது பக்கவாட்டில் இருங்கள். இடம் மாறும் நேரத்தைக் காற்றே சொல்லட்டும்: ஒரு சிட்டிகை முகப்பவுடரைக் காற்றில் விட்டுப் பாருங்கள். பருவக்காற்று பலமாக வீசும் நாளில் இந்த ஒழுங்கு செல்லாது; அன்று மந்தையிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வரும் பக்கம்தான்.

பார்வையையும் கவனியுங்கள். வரையாடு ஆபத்தைக் கீழேயிருந்து எதிர்பார்க்கும். ஏனென்றால் அதன் அடைக்கலம் பாறைமுகம். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் அங்கே ஏறி நின்றுவிடும். மேலேயிருந்து பார்ப்பவரை அது தாமதமாகவே கவனிக்கும். ஆனால் நீங்கள் முகட்டில், வானத்தின் பின்னணியில் எழுந்து நின்றால் ஒரு கிலோமீட்டருக்கும் தெரிவீர்கள். முகட்டுக்குச் சற்றுக் கீழே, முதுகுக்குப் பின் பாறை இருக்கும்படி உட்காருங்கள். பாறைமுகத்துக்கும் மந்தைக்கும் நடுவில் மட்டும் போகவே கூடாது. தப்பும் வழியை அடைப்பதுதான் அவற்றை வெகுவாக மிரட்டும்.

உட்கார்ந்தபின் முதல் இருபது நிமிடம் பதிவெடுக்காதீர்கள். சீழ்க்கை போன்ற எச்சரிக்கை ஒலி கேட்டால் நேரத்தைக் குறித்துவிட்டு, அடுத்த அரை மணிப் பதிவைத் தனியே வையுங்கள். அது உங்களைக் கண்ட ஆட்டின் நடத்தை. இயல்பான நாளின் கணக்கில் சேராது.

ஆழியாறு–வால்பாறை சாலையிலும் ராஜமலையிலும் வரையாடு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறதே. அங்கே ஆய்வு செய்தால் எளிது அல்லவா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

எளிது, சில கேள்விகளுக்குச் சரியும்கூட. பால் குடிக்கும் நேரம், முட்டிக்கொள்ளும் விதம், எந்தப் புல்லைத் தேர்ந்து கடிக்கின்றன என்பவற்றை நெருக்கத்தில் பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலை போன்ற இடம் அரிது. ஆனால் மனிதருக்குப் பழகிய மந்தையின் விழிப்பு நேரத்தை எடுத்து 'வரையாடு இவ்வளவு விழிப்பாக இருக்கும்' என்று பொதுவாக எழுதக் கூடாது. சாலையோர ஆடுகள் உப்புக்காகவோ வீசிய தின்பண்டத்துக்காகவோ நின்றால், நீங்கள் அளப்பது சுற்றுலாவின் விளைவை. அதையே கேள்வியாக்கலாம்: மனிதர் எத்தனை மீட்டரில் வந்தால் தலை தூக்குகிறது, எத்தனை மீட்டரில் நகர்கிறது என்பதைச் சாலையோர மந்தையிலும் உள்மலை மந்தையிலும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு மந்தைக்கு ஒரு நாளில் ஒரு முறைதான். குட்டி பிறக்கும் மாதங்களில் வேண்டாம். இரவிகுளமே அந்த மாதங்களில் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது.

ஒரே பாறையின் உயரத்தைக் கருவி காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் காட்டுகிறது. பழுதா?
— மலையேற்றக்காரர், உதகமண்டலம்

காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவியானால் பழுதில்லை. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் தாழ்வு. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) மாறினால் கருவி ஏறத்தாழ 10 மீட்டர் மாறிக் காட்டும். ஆக இரண்டு ஹெக்டோபாஸ்கல் இறங்கினாலே 20 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். மழை வரும் நாளில் இன்னும் கூடும். உயரம் தெரிந்த ஒரு கல்லிலோ கட்டடத்திலோ தினமும் காலை, மாலை திருத்தி வையுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை தூரத்தில் நடக்கிறது. லேசர் கருவி காட்டும் 200 மீட்டர் சாய்வுத் தூரம். சரிவு 30 பாகை என்றால் வரைபடத்தில் அது 173 மீட்டர்தான். பரப்பளவிலோ நேர்மாறு: 40 பாகைச் சரிவில் வரைபடத்தின் ஒரு ஹெக்டேர், தரையில் 1.3 ஹெக்டேர் புல். 'ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை ஆடு' என்று எழுதும்போது எந்தப் பரப்பு என்று சொல்லுங்கள்.

புல்வெளியில் தானியங்கி கேமரா வைத்தோம். மூன்று வாரத்தில் நாலாயிரம் படம். அத்தனையும் வெறும் புல். ஏன்?
— இயற்கைக் குழு, கூடலூர்

கேமராவின் உணர்கருவி அசையும் உருவத்தைப் பார்ப்பதில்லை. தன் முன்னால் வெப்பம் சட்டென்று மாறுவதைத்தான் உணர்கிறது. வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினால் அதற்கு அதுவும் ஒரு விலங்கு. நேர் எதிராக, நண்பகலில் பாறை ஆட்டின் உடல்வெப்பத்தை எட்டிவிட்டால், முன்னால் நடக்கும் ஆட்டையே அது உணராது. இரண்டு பிழையும் ஒரே வெயிலில் வருகின்றன.

கேமராவை வடக்கு அல்லது தெற்கு பார்த்து வையுங்கள். கிழக்கு, மேற்கு என்றால் தாழ்ந்த சூரியன் நேரே அடிக்கும். முன்னால் மூன்று மீட்டருக்கு நீண்ட புல்லை அனுமதி பெற்று ஒதுக்குங்கள். புல்வெளியில் மரம் இல்லாததால் பலர் சீகை மரத்திலோ வேலிக்கம்பத்திலோ கட்டுகிறார்கள். மெல்லிய தண்டு காற்றில் ஆடினால் கேமராவே ஆடும். பாறை இடுக்கில் இறுக்கி வைப்பது மேல். சரிவில் கேமராவைத் தரைமட்டத்துக்கு வைக்காமல் சரிவின் சாய்வுக்கு இணையாகச் சாயுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் வானமும் மறுபக்கம் மண்ணும்தான் பதிவாகும். லித்தியம் பேட்டரி போடுங்கள். உறைபனி இரவில் மற்றவை சீக்கிரம் தளரும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, ஒவ்வொரு முறை போகும்போதும் மாற்றுங்கள்.

வைக்கும் நாளிலும் எடுக்கும் நாளிலும் கடிகாரத்தைக் கைபேசியோடு ஒப்பிட்டு, இரண்டு நேரத்தையும் எழுதிய தாளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துப் படம் எடுங்கள். அந்தப் படம், கேமரா எந்த நாள் வரை உயிரோடு இருந்தது என்பதற்கும் சான்று. 'முப்பது நாளில் செந்நாய் இல்லை' என்று எழுதியபின், பதினோராம் நாளே பேட்டரி தீர்ந்தது தெரிந்தால் அறிக்கையையே திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

மூடுபனி வந்தால் என்ன செய்வது? ஜூலையில் இருபது நாள் மலையில் இருந்து ஐந்து நாள்தான் பார்க்க முடிந்தது.
— ஆய்வு மாணவர், மூணாறு

ஜூலை, ஆகஸ்டில்தான் கிடாக்கள் மந்தையைத் தேடி வந்து இணையும் பருவம். மலை முழுவதும் மேகத்துக்குள் இருக்கும் மாதங்களும் அவைதான். உங்களுக்குக் கிடைப்பது தெளிந்த வேளைகளின் நடத்தை மட்டும். மூடுபனிக்குள் அவை நெருங்கி நிற்கின்றனவா, அதிகம் மேய்கின்றனவா என்பது உங்கள் தாளில் இருக்காது.

செய்ய வேண்டியது: அமர்ந்தவுடன் 100, 200, 300 மீட்டரில் மூன்று பாறைகளை அடையாளம் வையுங்கள். ஒவ்வொரு ஸ்கேனிலும் எது வரை தெரிகிறது என்று எழுதுங்கள். 200 மீட்டர் பாறை மறைந்தால் பதிவை நிறுத்தி, நிறுத்திய மணியையும் தொடங்கிய மணியையும் குறியுங்கள். 'பனி, வேலை இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். பிறகு பகுப்பாய்வில், தெளிவு குறையக் குறைய மந்தையின் அளவு குறைவதுபோல் தெரிந்தால், அது ஆட்டின் மாற்றமா உங்கள் கண்ணின் எல்லையா என்று அந்தக் குறிப்பை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

பைனாகுலர் பனிப்பதற்குக் காரணம் குளிர் மட்டும் அல்ல. குளிர்ந்த கண்ணாடியில் மூச்சின் வெதுவெதுப்பான ஈரம் படுவதும்தான்.  பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். எழுதுவதற்குப் பென்சில்; மழையில் பேனா மை ஒரு பருவத்தின் உழைப்பைக் கரைத்துவிடும்.

ட்ரோன் பறக்கவிட்டால் பள்ளம், பாறை எல்லாம் தெரியுமே?
— வாசகர், சேலம்

வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது குற்றம். அதைவிட, மேலேயிருந்து வரும் இரைச்சலுக்கு மந்தை பாறைமுகத்தில் சிதறும். சில வாரக் குட்டி தாயைப் பிரிந்தாலோ கால் தவறினாலோ அதைத் திருத்த வழியில்லை.

கல்லூரி அடையாள அட்டை இருந்தால் முக்கூர்த்திக்கும் புல்மலைக்கும் உள்ளே போக முடியுமா? ரேடியோ காலர் (நடமாட்டத்தை அறியக் கழுத்தில் கட்டும் கருவிப் பட்டை) போட மாணவருக்கு அனுமதி கிடைக்குமா?
— மாணவர், திருநெல்வேலி

அட்டை போதாது. சரணாலயமோ தேசியப் பூங்காவோ, ஆய்வுக்காக நுழைய 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் கேள்வி, முறை, இடம், மாதம், எத்தனை பேர், எங்கே தங்குவீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். மாதங்கள் ஆகலாம், குட்டிப் பருவத்தைப் பார்க்க விரும்பினால் முந்தைய கோடையிலேயே விண்ணப்பியுங்கள். பார்த்து எழுதும் ஆய்வுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

காலர் வேறு விஷயம். வரையாடு சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதற்கு மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். காலரின் எடை உடல் எடையில் 3 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். 50 கிலோ பெட்டைக்கு ஒன்றரைக் கிலோ. அதைவிட ஆபத்து பிடிக்கும் வேளையில் இருக்கிறது. மயக்க ஊசி வேலை செய்யும் சில நிமிடத்துக்குள் ஆடு பாறைக்கு ஓடினால் விழுந்துவிடும். நெடுந்தூரம் துரத்தப்பட்ட ஆட்டுக்குத் தசை சிதைந்து, விடுவித்த பிறகு நாள் கழித்தும் உயிர் போகும். பழகிய வனவிலங்கு மருத்துவரும், பாறையிலிருந்து தள்ளிய சமதளமும், குளிர்ந்த வேளையும் ஒன்றாகக் கிடைத்தால் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. முதுகலை ஆய்வேட்டுக்கு அது தேவையே இல்லை.

உள்ளே போகும் நாளில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உடன் வருவார். அவர் சொல்லும் பாதையை மாற்றாதீர்கள். சோலைக்குள் புகும் முன் அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள், யானையோ காட்டுமாடோ இருக்கலாம். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கத் துணியால் தைத்த நீண்ட காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். மாலை நான்குக்கு இறங்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் கிளம்பியதால் விட்ட ஸ்கேனுக்கும் படிவத்தில் காரணம் எழுத இடம் வையுங்கள்.